பலகையில் இரண்டு தட்டு

நவீன நடன நாடகம் ஒன்று எப்படி உருவாகி மேடை ஏறுகிறது என்பதைப் பற்றி நூற்று நாற்பது பக்கம் எழுதிப் பட்டம் வாங்கியவன் நான். அதை முழுசாகப் படித்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருவர், டைப் அடித்துக் கொடுத்த அம்மாள். இன்னொருவர் நான்தான் என்று சொல்ல ஆசை. ஆனால் நாற்பதாம் பக்கத்துக்கு மேல் எனக்கே தூக்கம் வந்துவிடுகிறது. எனவே இரண்டாவது ஆள் பேராசிரியர் என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்துப் போட்டிருக்கிறார், பாவம்.

அந்த நூற்று நாற்பது பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். முக்கியமானது அது ஒன்றுதான். கூச்சமாக இருந்தது, அதனால் விட்டேன். இப்போது கூச்சப்படுகிற வயது தாண்டிவிட்டது.

நான் நாடகம் படிக்கப் போனதே மேடையில் ஏறத்தான். தொண்ணூறுகளின் நடுவில், ஆரணியில் பட்டு நெய்கிற வீட்டிலிருந்து ஒருவன் எம்.ஏ. நாடகம் படிக்கப் போகிறான் என்றால் தெருவில் யாருக்கும் புரியவில்லை. "அதுக்கு எதுக்கு படிப்பு? நம்ம ஊர்ல எல்லாரும் படிக்காமலே ஆடறானுங்களே" என்றார் பக்கத்து வீட்டு மாமா. முதல் வாரத்திலேயே பேராசிரியர் என்னை மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கச் சொன்னார். நடந்தேன். இன்னொரு முறை சொன்னார். நடந்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "தம்பி, நீ நடக்கறப்போ உன் கை, கால், தலை எல்லாம் தனித்தனியா பஸ் பிடிச்சு வந்து சேருது" என்றார். அப்புறம் மனசு கேட்காமல், "நீ நல்லா எழுதறே. எழுது" என்றார். நம் நாட்டில் பாதிப் பேர் எழுத வந்தது இப்படித்தான் இருக்கும்.

படிப்பின் கடைசி வருடத்தில் ஒரு வாய்ப்பு வந்தது. சென்னையில் நடனக் குழு வைத்திருந்த ஒரு பெண்மணி, நெசவாளர் உடம்பின் அசைவுகளை வைத்து ஒரு நடன நாடகம் செய்யப்போகிறார், அதை நெசவு நடக்கிற ஊரிலேயே இருந்து செய்யவேண்டும் என்று நினைக்கிறார் என்று பேராசிரியருக்குத் தெரியவந்தது. என்னை அனுப்பிவைத்தார். கூடவே ஒரு கடிதம். கவர் சரியாக ஒட்டவில்லை, படித்துவிட்டேன். 'ஆரணிப் பையன். இடம் பார்த்துத் தருவான், நன்றாகக் குறிப்பெடுப்பான். ஆட மட்டும் விட்டுவிடாதீர்கள்.'

அந்தப் பெண்மணிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். முடியை ஒட்ட வெட்டியிருப்பார். குழுவில் எல்லோருக்கும் அவர் அக்கா, எனக்கும் அக்கா. நாலு பெண்கள், மூன்று ஆண்கள் என்று ஆடுபவர்கள் ஏழு பேர். அவர்களுக்கு நான் பிடித்துக் கொடுத்த இடம், ஓடாமல் நின்றுபோயிருந்த ஒரு ரைஸ் மில். நெல் காயவைக்கிற சிமெண்ட் களம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. காலை ஆறிலிருந்து எட்டரை வரை அதில் வேலை. அதற்கு மேல் உள்ளங்கால் வெந்துவிடும், குடோனுக்குள் போய்விடுவார்கள். குடோனில் மிஷின் நின்று வருடமாகியும் உமித்தூசி நிற்கவில்லை. முதல் நாள் என் நோட்டில் முதல் வரி இப்படி இருக்கிறது: 'ஏழு பேரும் சேர்ந்து ஒரே தாளத்தில் தும்மினார்கள். இது நாடகத்தில் உண்டா என்று கேட்க வேண்டும்.'

நடனம் உருவாகிறது என்றால் யாரோ சொல்லிக்கொடுப்பார்கள், மற்றவர்கள் கற்றுக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன். அக்கா எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேள்விதான் கேட்டார். "காலைல எழுந்ததும் உங்க கை முதல்ல எதைத் தொடுது? அதைச் செய்ங்க. இப்போ அதை முதுகால செய்ங்க." ஒரு வாரம் வெறுமனே நடக்கவிட்டார். அடுத்த வாரம் எங்கள் தெருவுக்கு அழைத்துப்போய் வீடு வீடாகத் தறிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். நெய்கிறவரின் கையை எல்லோரும் பார்ப்பார்கள். அக்கா மட்டும் பிடரியைப் பார்க்கச் சொன்னார். மதியம் குடோனுக்குத் திரும்பி அந்தப் பிடரியிலிருந்து ஆளுக்கு ஒரு அசைவு எடுப்பார்கள். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது அசைவு பிறக்கும். சாயங்காலம் அக்கா டீ குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் தள்ளுவார். இரண்டு மிஞ்சும். மறுநாள் அந்த இரண்டில் ஒன்று போய்விடும். தள்ளுபடியான அசைவுகளையெல்லாம் நான் நோட்டில் எழுதி வைத்தேன். உலகத்திலேயே தள்ளுபடி அசைவுகளுக்குப் பட்டியல் வைத்திருந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வீட்டில் சாப்பிடும்போது அப்பா கேட்பார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

"இன்னாடா, இன்னிக்கும் நடந்துகினேதான் இருந்தாங்களா?"

"ஆமா நைனா."

"எங்கதான் போறாங்களாம்?"

"எங்கயும் போகல. நடக்கறதையே பாக்கணுமாம்."

"நான் தறிக்குழியில இருபத்தெட்டு வருஷமா உக்காந்துகினு கீறேன். அதையும் வந்து பாக்கச் சொல்லு" என்று சோற்றைப் பிசைவார். பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்பதை அவர் கடைசிவரை நம்பவில்லை.

மூன்றாம் வாரம் ஒரு காலையில், களத்தில் எங்கோ ஒட்டிக் கிடந்த நாலு நெல்மணிகள் என் வாழ்க்கையை மாற்றின. நாலாவது இடத்தில் ஆடும் பையன் அதில் வழுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டான். வீக்கம் பார்த்துப் பயந்து அன்றைக்கே அவனைச் சென்னைக்கு அனுப்பினார்கள். மற்ற ஆறு பேரும் அவனைச் சுற்றித்தான் நகரவேண்டும். அந்த இடம் காலியாக இருந்தால் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். அக்கா சுற்றும்முற்றும் பார்த்தார். மில் வாட்ச்மேனையும் என்னையும் விட்டால் ஆளில்லை. வாட்ச்மேனைத்தான் முதலில் பார்த்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் பீடியை அணைக்க மனமில்லாமல் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார்.

"நோட்டை வெச்சுட்டு இங்க வா," என்றார் என்னிடம். தரையில் வெள்ளை டேப்பால் ஒரு பெருக்கல் குறி ஒட்டியிருந்தது. "இது மேல நில்லு. ஆடாத. தூண் மாதிரி நில்லு, போதும்."

நின்றேன். பதினோரு நாள் நின்றேன்.

முதல் நாள் தூண்தான். இரண்டாம் நாள், "மூச்சு விடு, தூணே" என்றார். மூன்றாம் நாள் எட்டு அடி நடக்கவிட்டார். நான் எட்டு அடி நடந்து முடித்ததும் பின்னால் யாரோ குபுக்கென்று சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "தப்பாத்தான் நடக்கறான். ஆனா மாத்தாத, அப்படியே நட" என்றார். என் கை, கால், தலை எல்லாம் தனித்தனி பஸ்ஸில் வந்தாலும் பரவாயில்லை என்று சொன்ன முதல் மனுஷி.

அதற்கப்புறம் நூல். மேடையின் ஓரத்திலிருந்து மஞ்சள் நூல் ஒன்று வரும். முதல் ஆள் பிடித்து அடுத்தவரிடம் தருவார், அது நாலாவதாக என்னிடம் வரும். நான் ஐந்தாவது பெண்ணிடம் தரவேண்டும். திரும்பிப் பார்க்கக்கூடாது. கையைப் பின்னால் நீட்டினால் அங்கே அவள் கை இருக்கும். முதல் தடவை நீட்டியபோது இருக்காது என்றுதான் நினைத்தேன். இருந்தது. இருக்கும் என்று தெரிந்து நீட்டுவது, இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாமலும் நீட்டுவது. எழுத்தில் எனக்கு அந்த மாதிரி ஒன்று இன்றுவரை கிடைக்கவில்லை. என்னைச் சுற்றி ஆறு பேர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். ஏழாவது மூச்சு என்னுடையது. அதை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் மூச்சை விட மறந்து எண்ணிக்கையைக் கெடுத்துவிடுவேன்.

ஐந்தாம் நாள் வீட்டில் உளறிவிட்டேன். அம்மா ஒரு கேள்விதான் கேட்டாள்: "உன்னை ஆட வெக்கறாங்களாடா?" நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன்: "ஆமா." மறுநாள் காலையில் தெருக்குழாயடியில் நான் ஏழு பேரில் நாலாவது ஆளாகிவிட்டேன். சாயங்காலம் பூக்காரியிடம் ஏழு பேரில் முதல் ஆள். இரண்டு நாளில் மீதி ஆறு பேர் எனக்குத் துணைக்கு வந்தவர்கள். எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்திலேயே முதல் காட்சி நடக்கப்போவதால் தெரு முழுக்கக் கிளம்பத் தயாரானது.

இந்த நாட்களில்தான் ஒலிப்பதிவுக்காரர் சென்னையிலிருந்து வந்தார். நாடகத்துக்குப் பாட்டு கிடையாது, தறிச் சத்தம்தான் என்று அக்கா முடிவு செய்திருந்தார். எங்கள் வீட்டிலேயே பதிவு. ரோமம் போர்த்திய மைக்கைத் தறிக்கு மேலே தொங்கவிட்டதும் அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாங்க இது, கீரிப்புள்ளையா?"

"மைக்குங்க. நீங்க பாட்டுக்கு நெய்ங்க."

"கடிக்காதில்ல?"

நெய்தார். நூல் சுற்றிய நாடா குறுக்கே போகிற சத்தம், இழையை நெருக்குகிற பலகை விழுகிற சத்தம், காலடியில் மிதி அழுந்துகிற சத்தம் என்று முக்கால் மணி நேரம் போனது. நடுவில் ஓர் இழை அறுந்தது. அப்பா நிறுத்தினார், பலகையில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார், இழையை முடிந்தார், மறுபடி நெய்தார்.

அந்த இரண்டு தட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். பக்கத்து வீட்டுத் தறி ஓடுவது மூச்சு மாதிரி காதில் விழுந்துகொண்டே இருக்கும், எந்தச் சத்தம் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு தறி திடீரென்று நின்றால் சுவருக்கு அந்தப்பக்கம் கை தானாக நிற்கும். தெருவில் சாவு விழுந்தால்தான் தறிகள் அப்படி நிற்கும். ஒன்று நிற்கும், அடுத்தது நிற்கும், கடைசி வீடு வரை போகும். அதனால் இழை அறுந்து நிறுத்துகிறவர் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவார். ஒண்ணுமில்ல, இழைதான் என்று அர்த்தம். அந்தப்பக்கம் மறுபடி ஓட ஆரம்பிக்கும். யாரும் எங்களுக்கு இதைச் சொல்லித்தந்ததில்லை. கொட்டாவி விடச் சொல்லித்தந்தார்களா என்ன?

பதிவைக் கேட்டபோது அக்காவுக்கு அந்த நிறுத்தம் மிகவும் பிடித்துவிட்டது. "இதுதான் என் நாடகத்தோட நடு. சத்தம் நிக்குது. ஏழு பேரும் நூலைப் பிடிச்சிக்கிட்டு அப்படியே நிக்கறாங்க. ரெண்டு நிமிஷம். ஒண்ணும் கிடையாது." ஒலிப்பதிவுக்காரரிடம், "அந்த டொக் டொக் மட்டும் என்னமோ தட்டுப்பட்ட மாதிரி இருக்கு. எடுத்துடுங்க" என்றார். எடுத்துவிட்டார்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். குறிப்பெடுக்க வந்தவன் சொல்லியிருக்க வேண்டிய ஒரே வார்த்தை அதுதான். ஆனால் அப்போது நான் குறிப்பெடுக்கிறவன் இல்லையே, நாலாவது ஆள். இந்தத் தெருவைப் பற்றி விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அக்காவுக்கு என் நோட்டு ஞாபகம் வந்துவிடும், நோட்டு ஞாபகம் வந்தால் குறியைவிட்டு இறக்கிவிடுவார் என்று பயந்தேன். மேதை மாதிரி தலையாட்டினேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் நான் களத்துக்குப் போனபோது அந்தப் பையன் குறிமேல் நின்றிருந்தான். கணுக்காலில் பட்டை கட்டியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தான், நல்ல பையன். "தேங்க்ஸ்ண்ணா, இடத்தைப் பத்திரமா வெச்சிருந்தீங்க" என்றான். நான் அடகுக்கடையா என்று கேட்டுச் சிரிக்க வைத்துவிட்டு, மூட்டைமேல் கிடந்த நோட்டை எடுத்துக்கொண்டேன். அன்றைய பக்கத்தில் தேதியைத் தவிர எதுவும் எழுதவில்லை.

வீட்டில் சொன்னேனா? இல்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் அம்மா எனக்காகப் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டாள். கடவுளே தலையிட்ட பிறகு நான் எப்படி நடுவில் புகுவது?

கல்யாண மண்டபத்தில் மேடை தயாரானது. அக்கா சுற்றிலும் கறுப்புத் துணி கட்டவேண்டும் என்றார். மண்டப மேனேஜர் பதறினார். "அம்மா, கறுப்பு கட்டினா அடுத்த முகூர்த்தக்காரன் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிகினு போயிடுவான்!" அரை நாள் பேசி கருநீலத்துக்கு இறங்கினார்கள். பின்சுவரில் போன கல்யாணத்து மணமக்களின் பேர் தெர்மாகோல் எழுத்தில் ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் பெயர்த்தும் ஓர் எழுத்து மட்டும் வரவில்லை, துணிக்குப் பின்னால் அப்படியே இருந்தது. ஜெனரேட்டரை மண்டபத்துக்கு வெளியே, சமையல்கட்டுக்கு அப்பால் வைத்தார்கள், சத்தம் வரக்கூடாதென்று. விளக்குப் போடுபவர் ஒவ்வொரு விளக்காக ஏற்றி இறக்கி, ஆள் நிற்கவேண்டிய இடத்தில் என்னை நிறுத்திப் பார்த்தார். அப்போது சில நிமிடம் நாலாவது குறிமேல் வெளிச்சத்தில் நின்றேன். காலி நாற்காலிகளுக்கு முன்னால். அதுவும் ஒரு காட்சிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் ஆறு மணிக்குத் தெரு வந்தது. தலைக்குக் குளித்து, பட்டு உடுத்தி, கல்யாணத்துக்கு வருகிற மாதிரியே வந்தார்கள். வாசலில் சந்தனம் கற்கண்டு இல்லையே என்று இரண்டு பேர் கேட்டார்களாம். அப்பா மூன்றாம் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா பக்கத்தில். நான் மேடையின் ஓரத்தில், துணிக்குப் பின்னால், அடுக்கி வைத்திருந்த மணப்பலகைகளுக்குப் பக்கத்தில், நோட்டோடு.

விளக்கு வந்தது. தறிச் சத்தம் வந்தது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "அட, இது நம்ம மூணாவது வீட்டுத் தறிடா!" என்று ஒரு குரல். அப்பாவின் முதுகை யாரோ தட்டினார்கள். ஏழு பேர் வந்தார்கள். அம்மா அந்த ஏழு பேரில் என்னைத் தேடிக் கழுத்தை நீட்டினாள். எனக்குத் துணியின் இடுக்கு வழியாக அது தெரிந்தது. பிடரி, நடை, நூல் என்று ஒவ்வொன்றாகப் போனது. தெரு வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. புரிந்ததா தெரியாது, ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. நாலாவது பையன் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டினான். அந்தப் பெண்ணின் கை அங்கே இருந்தது. என் கையும் இங்கே ஓரத்தில் கொஞ்சம் நீண்டது, யாரும் பார்க்கவில்லை.

அப்புறம் சத்தம் நின்றது.

ஏழு பேரும் நூலைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்கள். பத்து எண்ணும்வரை ஒன்றும் இல்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியும். வரவில்லை. அது யாரோ ஒருவருடைய தறி என்றால்கூடப் பரவாயில்லை. அப்பாவின் தறி அது. தட்டாமல் நின்றுவிட்டது. முதல் வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து தோள்துண்டைக் கையில் எடுத்தார். பக்கத்தில் ஒருவர் எழுந்தார். பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம். இருட்டில் தலைகள் எல்லாம் மூன்றாம் வரிசையைப் பார்த்துத் திரும்பின. பக்கத்து வீட்டு மாமா அப்பாவின் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

"இன்னாபா... நல்லாகீறியா?"

"கீறேன்டா, கையை எடு."

"அப்போ யாரு?"

"எனக்கு இன்னா தெரியும்? நானும் இங்கதான கீறேன்!"

மேடையில் ஐந்தாவது பெண்ணின் கண் கூட்டத்தின் பக்கம் திரும்பியது. நூல் லேசாக ஆடியது. இன்னும் பத்து நொடியில் பாதி மண்டபம் வாசலுக்குப் போயிருக்கும், யார் வீடு என்று பார்க்க. அக்கா எதிர்ப்பக்க ஓரத்தில் இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தார். ஒன்றரை மாத வேலை. என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியவே இல்லை. அங்கிருந்தவர்களில் எல்லாமும் தெரிந்த ஒரே ஆள் மணப்பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தான்.

விரல் முட்டியால் மணப்பலகையில் ஒரு தட்டுத் தட்டினேன். கேட்டது. உடனே பயம் வந்தது. அக்காவின் நாடகத்தில், அக்கா எடுத்துப்போட்ட ஒன்றை, ஒரு தூண் திரும்ப வைக்கிறது. கை காற்றில் நின்றது. அப்புறம் இரண்டாவதைத் தட்டினேன், சின்னதாக, மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

மண்டபம் மூச்சு விட்டது. "இழைடா, இழைதான்" என்று யாரோ சொன்னார்கள். ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். நாற்காலி சத்தம் அடங்கியது. அதற்கப்புறம் வந்த அந்த மிச்ச நிமிஷ மௌனம் மாதிரி ஒன்றை நான் எந்த மேடையிலும் கண்டதில்லை. தெருவே சேர்ந்து ஓர் இழையை முடிந்துகொண்டிருந்தது. சத்தம் மறுபடி ஆரம்பித்தபோது யாரோ ஒரு அம்மாள் அழுதாள்.

முடிந்ததும் அம்மா என்னைத் தேடிப் பின்பக்கம் வந்தாள். "எங்கடா இருந்த? கண்ணு வலிக்கத் தேடினேன். ஏழு பேருல நீ யாரு?" அப்பா பின்னால் வந்தார்.

"அவன்தான் தட்டினான்" என்றார் அம்மாவிடம். அப்புறம் என்னிடம், "மொதோ தட்டு சரியாகீது. ரெண்டாவது ஏன்டா யோசிச்சிகினு தட்டின?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. செருப்பைத் தேடப் போய்விட்டார்.

அக்கா எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்தார். "யார் தட்டினது?" பள்ளிக்கூடத்தில் மாதிரி கையைத் தூக்கினேன். தெருவின் கதையைச் சொன்னேன். பதிவு நடந்த நாளிலேயே தெரியும் என்றும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அது இனிமே நாடகத்துல உண்டு" என்றார். "பெங்களூர், அப்புறம் கேரளா, டெல்லி. கூட வர்றியா? அந்த ரெண்டு தட்டுக்கு ஒரு ஆள் வேணும்."

என் ஆயுசில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. வருகிறேன் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். ஏழு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு வியாதி உண்டு. ஆசை தொண்டைவரை வந்தால் அது வாயில் சிரிப்பாகத்தான் வெளியே விழும்.

"ரெண்டு தட்டுக்கு ரெண்டு தட்டு சோறு போடுவீங்களாக்கா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். வட்டம் கலைந்தது. அக்காவும் சிரித்தார், ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், அப்புறம் விளக்குக்காரரிடம் ஏதோ பேசப் போனார். மறுபடி கேட்கவில்லை. விளையாட்டாகப் பேசுகிறவனிடம் எத்தனை முறை கேட்பது? மறுநாள் காலை வேனில் ஏறும்போது அந்தப் பையன் மஞ்சள் நூலில் ஒரு முழம் அறுத்து என் கையில் கொடுத்தான். வேன் போன திசையில், ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கும்வரை நின்றிருக்கிறேன். ரோட்டில் குறி எதுவும் ஒட்டியிருக்கவில்லை. ஆனால் நின்ற விதம் அதே விதம்தான். எடை இடது காலில், மோவாய் கொஞ்சம் உள்ளே.

ஆய்வை எழுதினேன், பட்டம் வாங்கினேன், கலசப்பாக்கம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியரானேன். ஆண்டு விழாவில் பிள்ளைகளை ஆடவைக்கிற பொறுப்பு எப்போதும் என்னுடையதுதான். நான் நடந்துகாட்டினால் கைதட்டல் நிச்சயம் என்று தலைமை ஆசிரியருக்குத் தெரியும்.

சில வருடம் கழித்து ஒரு நாள் காலை, இரண்டாம் பீரியட் நடக்கும்போது போன் வந்தது. பஸ் பிடித்து வந்து தெருமுனையில் இறங்கினேன். ஒரு தறியும் ஓடவில்லை. தறியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார் அப்பா. சத்தம் நின்றதும் பக்கத்து வீட்டு மாமா சுவரைத் தட்டிக் கேட்டிருக்கிறார், பதில் வரவில்லை. அவர் தன் தறியை நிறுத்தியிருக்கிறார். அப்படியே கடைசி வீடு வரை போயிருக்கிறது. நான் முனையில் நின்றுகொண்டே இருந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு தட்டுக்காகக் காத்திருந்தேன்.

அதற்கும் இரண்டு மூன்று வருடம் கழித்து, சென்னையில் அந்த நாடகம் மறுபடி நடக்கிறது என்று பேப்பரில் பார்த்தேன். லீவு போட்டுவிட்டுப் போனேன். குளுகுளு அரங்கம், மெத்தை நாற்காலி, துணி நல்ல கறுப்பு. ஏழு பேரில் ஒருவர்கூட எனக்குத் தெரிந்த முகமில்லை. எல்லோரும் புதுப்பிள்ளைகள், என்னைவிட மிகச் சின்னவர்கள். நாலாவதாக ஒரு பெண் நின்றாள். எட்டு அடி நடந்தாள், தனித்தனி பஸ்ஸில் வந்து சேர்கிற மாதிரி. கூட்டம் சிரிக்கவில்லை. எனக்குத்தான் முகம் சூடானது. தறிச் சத்தம் அதேதான். அப்பா நெய்துகொண்டிருந்தார்.

சத்தம் நின்றது.

நானூறு பேர் ஒழுக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. என்னை அறியாமல் நான் எழுந்து நின்றிருந்தேன். தோளில் துண்டு இல்லை, இருந்தால் எடுத்திருப்பேன். பின்னாலிருந்து, "சார், மறைக்குது" என்றார் ஒருவர். காதில் விழுந்தது, உட்காரவில்லை.

ஓரத்திலிருந்து ஒரு தட்டு வந்தது. உறுதியாக. அப்புறம் ஒரு இடைவெளி. அப்புறம் இரண்டாவது, சின்னதாக, மன்னிப்புக் கேட்கிற மாதிரி. துணிக்குப் பின்னால் யாரோ ஒருவர் என் தயக்கத்தை எத்தனை எண்ணிக்கை என்று கணக்காகப் பழகியிருந்தார். ஊர் ஊராக, இத்தனை வருடமாக, அது போய்க்கொண்டிருந்திருக்கிறது. நான் மட்டும் கூடப் போகவில்லை.

உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலி அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் குனிந்து, "என்னங்க, உடம்புக்கு ஏதாவதா?" என்றார்.

"ஒண்ணுமில்லங்க" என்றேன். "இழைதான்."